ஆத்தங்கரை கிட்டங்கி: அக்கரைச்சீமைல நம்ம ஆளுக தொழில் பார்த்த கட்டடத்தோட வரலாறைத் தேடுறது எப்படி

உங்க வீட்டு முகப்புல, ஆத்தங்கரையில நிக்கிற ரெண்டு மாடிக் கட்டடத்தோட பழைய போட்டோ ஒண்ணு மாட்டியிருக்கா? அது எந்த ஊரு, யாரு கட்டுனது, எப்ப கைய விட்டுப் போச்சுன்னு வீட்டுல யாருக்கும் சரியாத் தெரியலையா? அப்ப இது உங்களுக்குத்தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர்னு நம்ம நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஊரு எந்தப் பக்கம் போனாலும் "சிங்கப்பூர்ல ஆத்தோரமா நமக்குப் பெரிய கிட்டங்கி இருந்துச்சு", "மோல்மீன்ல நெல்லு குடோன் இருந்துச்சு"ன்னு ஒரு கதை இருக்கும். கிட்டங்கின்னா தங்கித் தொழில் பார்த்த, இல்ல சரக்கு வச்சிருந்த பெரிய கட்டடம். கேட்ட உடனே பாதிப் பேரு கூகுள் மேப்பைத் திறந்து அந்த ஊர் ஆத்தங்கரையைத் தடவ ஆரம்பிச்சிடுறாங்க, ஒண்ணும் ஆகாது, ஏன்னா நூறு வருஷத்துல கதவு நம்பர் மாறியிருக்கும், தெருப் பேரு மாறியிருக்கும், சில இடத்துல ஊர்ப் பேரே மாறிப்போச்சு. முதல்ல திறக்க வேண்டியது நம்ம வீட்டு ரெண்டாங்கட்டு அறையில கிடக்கிற டிரங்குப் பெட்டியை.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்கப் போன ஊர்ல கடையைப் பார்த்துக்கிட்டது பெரும்பாலும் முதலாளி இல்ல, மேலாள். மூணு வருஷத் தவணைக்குப் போற ஏஜெண்ட், அவருக்குக் கீழ அடுத்தாள், அதுக்குக் கீழ பெட்டியடிப் பையன். முதலாளி இங்க வளவுல (நம்ம ஊர்ப் பெரிய வீடு) உக்காந்துக்கிட்டே அங்க நடக்கிறதைத் தெரிஞ்சுக்கணும்னா கணக்கு இங்க வந்தாகணும். அதனால ஐந்தொகையும் (மொத்த வரவு செலவு இருப்புக் கணக்கு) கடுதாசியும் தொடர்ந்து ஊருக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. பர்மாவுல 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப அங்க இருந்த பேரேடெல்லாம் (கணக்குப் புத்தகம்) அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாங்க, ஆனா இங்க வந்து சேர்ந்த நகல் இங்கயே இருக்கு. இருக்கணும். முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைக்குப் போகாம இருந்தா.

விலாசத்தைப் பிடிங்க

ஐயா பேரை வச்சுத் தேடாதீங்க. ஐயா பேரைத்தான் பேரனுக்கு வைப்போம், அதனால ஒரே குடும்பத்துல தலைமுறை விட்டுத் தலைமுறை முத்தையாவும் அருணாசலமும் வந்துக்கிட்டே இருப்பாங்க, எந்த முத்தையான்னு கண்டுபிடிக்கவே முடியாது. கடை நடந்தது விலாசத்துல. பாட்டன், ஐயா, அப்பச்சின்னு முன்னோர் பேரோட முதலெழுத்தைக் கோத்து வச்சதுதான் விலாசம், அதுதான் இன்னிக்குக் கம்பெனிப் பேரு மாதிரி.

விலாசம் தெரியலைன்னா சாமான் அறைக்குப் போய் அண்டா, குண்டான், தூக்குச்சட்டி விளிம்பைத் திருப்பிப் பாருங்க, விலாசத்தை வெட்டியிருப்பாங்க. பழைய கல்யாணப் பத்திரிகை, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தச் சீட்டு), இரும்புப் பெட்டிக் கதவு, இதுலயும் இருக்கும்.

அடுத்தது, அதை இங்கிலீஷ்ல எப்படி எழுதியிருப்பாங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. இங்கதான் நிறையப் பேரு கோட்டை விடுறாங்க. "அரு"ன்னா ஏஆர், "ராம"ன்னா ஆர்எம், "பழ"ன்னா பிஎல், "சித"ன்னா சிடி. அதாவது ஒரு பேருக்கு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. இது அங்க இருந்த குமாஸ்தாவுக்குத் தெரியாது, அவன் எல்லா எழுத்துக்கு நடுவுலயும் புள்ளி வச்சிடுவான், இல்ல ஒரு எழுத்தை விட்டுடுவான். அதனால புள்ளியோட, புள்ளி இல்லாம, இடம் விட்டு, சேர்த்துன்னு எல்லா விதத்துலயும் தேடணும். "செட்டியார்"ங்கிறதையும் பழைய ரிக்கார்டுல "சிட்டி", "செட்டி", "செட்டியர்"னு மூணு நாலு விதமா எழுதி வச்சிருக்காங்க, 19-ம் நூற்றாண்டு சிங்கப்பூர், பினாங்கு பேப்பர்ல "சிட்டி"தான் அதிகம்.

பேரேட்டைப் படிக்கிறது

இதைக் கண்டுதான் எல்லாரும் பயப்படுறாங்க, பயப்பட ஒண்ணுமே இல்ல. ஒரு சாயங்காலம் உக்காந்தா எழுத்து பிடிபட்டுடும். எண்ணெல்லாம் தமிழ் எண்ணு: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. கிட்டத்தட்ட க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ மாதிரியே இருக்கும். பக்கத்துக்கு உச்சியில தனியா "உ" இருந்தா அது பிள்ளையார் சுழி, கீழ வரியில இருந்தா ரெண்டு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. ஆக ௲௯௱௨௰௫ன்னு இருந்தா 1925. ௵ன்னா வருஷம், ௴ன்னா மாசம், ௳ன்னா தேதி, ௹ன்னா ரூபாய், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. இந்த ஒரு வரியைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பேரேட்டுல முக்கால்வாசி இதுக்குள்ள அடங்கிடும். மா, காணி, முந்திரின்னு பின்னக் குறி வந்தா இப்போதைக்குத் தாண்டிப் போயிடுங்க, கட்டடத்தைத் தேடுறதுக்கு அது தேவையில்ல.

வருஷம் பெரும்பாலும் தமிழ் வருஷப் பேர்லதான் இருக்கும், அறுபது வருஷத்துக்கு ஒருதரம் அதே பேரு திரும்ப வரும். விஜய வருஷம்னா 1893-லயும் வரும், 1953-லயும் வரும். சித்ரபானுன்னா 1882, இல்லைன்னா 1942. தாளைப் பார்த்தாலே ரெண்டுல எதுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். பக்கத்துல அச்சடிச்ச பில்லோ ஸ்டாம்ப் ஒட்டுன ரசீதோ இருந்தா அதுல எந்த ராஜா தலை, எந்த ராணி தலைன்னு பார்த்தா முடிஞ்சது.

இன்னொரு பெரிய துப்பு காசு. கணக்கு "வெள்ளி"ன்னு இருந்தா சிங்கப்பூரோ மலாயாவோ. ரூபாய்னு இருந்தா பர்மாவோ சிலோனோ. பியாஸ்தர்னு இருந்தா சைகோன். போட்டோ எந்த ஊருன்னே தெரியாதவங்களுக்கு இது ஒண்ணே பாதித் தேடலைக் குறைச்சிடும். போட்டோவோட அட்டையைக் கழட்டிக் கீழ் ஓரத்தைச் சாய்ச்சுப் பிடிச்சும் பாருங்க, ஸ்டூடியோ பேரு மையில்லாம அழுத்தி அச்சடிச்சிருப்பாங்க, வெளிச்சம் பக்கவாட்டுல பட்டாத்தான் தெரியும்.

நம்ம கட்டடமா, வாடகையா, அடமானமா

இதுதான் விஷயமே. வீட்டுல எல்லாரும் "நம்ம கிட்டங்கி"ம்பாங்க. பக்கத்து ஊர்ல ஒரு ஆச்சி, "எங்க ஐயா வாங்கிப் போட்டாக தம்பி, ஆத்தோரமா அம்புட்டுப் பெரிய கட்டடம்"னு அடிச்சுச் சொன்னாங்க. பேரேட்டைப் பிரிச்சா "கிட்டங்கி வாடகை"ன்னு மாசாமாசம் ௶ பக்கம் போய்க்கிட்டே இருக்கு. சொந்தக் கட்டடத்துக்கு யாரு வாடகை கொடுப்பா? ஆச்சிகிட்ட இதை மெதுவாத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு, ஆச்சி ஒத்துக்கல, அது வேற கதை.

அதனால பேரேட்டுல இதைத்தான் தேடணும். வாடகை பற்றுல இருந்தா நாம குடியிருந்தவங்க. வாடகை வரவுல இருந்து, கூடவே முனிசிபல் வரி, இன்சூரன்ஸ், மராமத்துன்னு பற்று இருந்தா நாம உடமைக்காரங்க. ஒரு சீனன் பேருலயோ பர்மாக்காரன் பேருலயோ கணக்கு இருந்து, வட்டி வரவு மட்டும் வந்து, திடீர்னு ஒரு வருஷம் வட்டி நின்னு, அதுக்கு அடுத்த ஐந்தொகையில "கட்டடம்"னு புதுத் தலைப்பு முளைச்சா அது அடமானத்துல மூழ்கி நம்ம கைக்கு வந்தது. ஆத்தங்கரை குடோன்ல பெரும்பாலும் இந்த மூணாவது வகைதான். நம்மாளுக குடோன் கட்டிச் சரக்கு வச்சு வித்ததை விட, குடோன் வச்சிருந்தவனுக்குக் கடன் கொடுத்தது அதிகம். இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சுக்காம அங்க போய்ப் பத்திரம் தேடுறது வீண் செலவு, ஏன்னா வாடகைக்கு இருந்தவன் பேரு சொத்துப் பத்திரத்துல இருக்காது.

சிங்கப்பூர்னு தெரிஞ்சா

நீங்க அதிர்ஷ்டசாலி. ரிக்கார்டை இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிற ஊரு வேற இல்ல.

ஆனா ஒரு விஷயம். நம்மாளுக தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியெல்லாம் மார்க்கெட் ஸ்ட்ரீட்ல இருந்துச்சு, அது ஆத்தங்கரையே இல்ல, ஆத்துல இருந்து கூப்பிடு தூரம். நீளமான ஒடுக்கமான கட்டடம், கீழ ஹால்ல வரிசையா ஆளுக்கொரு கைப்பெட்டி, ஒரு பாய், ஒரு அலமாரி, அதுதான் ஒரு கடை. அப்படி ஒரே கூரைக்குக் கீழ பல விலாசம் இருக்கும், மாடியில படுக்கை. சரக்கு மூட்டையே இருக்காது. ஆத்தங்கரையில இருந்தது போட் கீ குடோனுங்க, 1860-கள்ல சிங்கப்பூர் கப்பல் வியாபாரத்துல முக்கால்வாசி அந்த ஒரு கரையிலதான் நடந்துச்சும்பாங்க. அரிசி, ரப்பர், மிளகுன்னு தொங்கான்ல (சரக்குப் படகு) வந்து இறங்கும். அந்தச் சீன வியாபாரிங்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தது மார்க்கெட் ஸ்ட்ரீட். ஆக உங்க போட்டோவுல தண்ணியும் தொங்கானும் தெரிஞ்சா அது குடியிருந்த கிட்டங்கியா இருக்க வாய்ப்பு கம்மி, ஈடாப் பிடிச்ச சொத்தாத்தான் இருக்கும்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியெல்லாம் 1970-கள்ல ஆரம்பிச்ச நகரச் சீரமைப்புல போயிடுச்சு, தேடிப் போனா வானளாவுன ஆபீஸ் கட்டடம்தான் நிக்கும். போட் கீ தப்பிச்சுது. 1977-ல ஆத்தைச் சுத்தம் பண்ற வேலை ஆரம்பிச்சு, 1983-ல படகையெல்லாம் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பி, 1987-ல முடிச்சாங்க. 1989-ல போட் கீயையும் கிளார்க் கீயையும் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சுட்டாங்க. அதனால கட்டடம் இன்னும் அங்கயே நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு, உள்ள ரெஸ்டாரண்ட் நடக்கும்.

இங்க இருந்தே என்ன பண்ணலாம்னா, அவங்க தேசிய நூலகத்தோட பழைய செய்தித்தாள் தளத்துல விலாசத்தைப் போட்டுத் தேடுங்க, காசு கிடையாது, 19-ம் நூற்றாண்டு பேப்பரெல்லாம் இருக்கு. செய்தியைப் பார்க்காதீங்க, விளம்பரத்தைப் பாருங்க. அடமானம் மூழ்குனா ஏலம் விடணும், ஏலம்னா பேப்பர்ல நோட்டீஸ் போடணும், அதுல கதவு நம்பர், தெரு, நிலத்தோட அளவு, 99 வருஷ லீஸா 999 வருஷ லீஸான்னு எல்லாம் இருக்கும். அதே தளத்துல தமிழ் முரசும் இருக்கு, 1935-ல ஆரம்பிச்ச பேப்பர், விலாசத்தைத் தமிழ்லயும் தேடிப் பாருங்க. கதவு நம்பர் கிடைச்சதும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்க. கட்டட வரைபடமெல்லாம் அங்க இருக்கு, 1884-ல இருந்து. ஒரு சுவரை இடிச்சாக்கூட முனிசிபாலிட்டிக்கு பிளான் கொடுக்கணும், அதுல உடமைக்காரர் பேரு இருக்கும். அங்கயே வாய்மொழி வரலாறு பேட்டிங்க ஏராளம், மார்க்கெட் ஸ்ட்ரீட்ல இருந்த ஆளுகளே பேசியிருக்காங்க, கேட்டுக்கிட்டு இருந்தா பொழுது போறதே தெரியாது. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-ல கட்டுனது, மகமை (கோயிலுக்குக் கொடுக்கிற பங்குப் பணம்) அங்கதான் போகும், அதுவும் விலாசம் வாரியா. தெரிஞ்சவங்க மூலமா கோயில்ல கேட்டுப் பார்க்கலாம்.

பர்மான்னு தெரிஞ்சா

கஷ்டம்தான், ஆனா கதை பெருசு. 1852-ல கீழ்ப் பர்மாவை வெள்ளைக்காரன் பிடிச்சதும் நம்மாளுக பெரிய அளவுல உள்ள போனாங்க, 1869-ல சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவுல மவுசு ஏறி, ஐராவதி டெல்டாவுல பர்மாக்காரன் காட்டை அழிச்சு நெல்லு போட்டான், அதுக்குப் பணம் நம்ம பணம். 1930 வாக்குல பர்மா முழுக்க சுமார் 1,650 செட்டியார் கடை இருந்துச்சுன்னு அப்ப நடந்த பேங்கிங் விசாரணைக் கமிட்டி எழுதியிருக்கு. ஆத்தங்கரைக்கு ஆத்தங்கரை ஒரு ஊரு, ஊருக்கு ஊரு ஒரு நெல்லு குடோன், அங்க இருந்து படகுல ரங்கூன் புசண்டான் ஓடைப் பக்கம் இருந்த மில்லுக்குப் போகும். அப்புறம் 1930 மந்தத்துல நெல்லு விலை விழுந்து கடனைக் கட்ட முடியாம நிலமெல்லாம் கைமாறுச்சு. நெல்லு விளையற முக்கியமான 13 ஜில்லாவுல செட்டியார் கையில இருந்த நிலம் 1930-ல 6 சதவீதம், 1938-ல 25 சதவீதம். நீங்க தேடுற குடோன் இந்த எட்டு வருஷத்துக்குள்ள வந்ததா இருந்தா ஆச்சரியப்படாதீங்க. அதை வாங்கிப் போட்டோம்னு பெருமையாச் சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கடனாளி கணக்கோட கடைசிப் பக்கத்தையும் ஒருதரம் படிச்சுப் பாருங்க.

ஊர்ப் பேரை முதல்ல மாத்திக்கங்க. மோல்மீன் இப்ப மாவ்லமியைன், பசீன் இப்ப பத்தேன், அக்யாப் இப்ப சித்வே. ரங்கூன்ல நம்மாளுக இருந்த மொகல் ஸ்ட்ரீட் இப்ப ஷ்வேபோந்தா ஸ்ட்ரீட், ஃபேர் ஸ்ட்ரீட் இப்ப பன்சோடான். 1948-ல சுதந்திரம், நில தேசியமயச் சட்டம், 1963-64-ல மிச்ச கடை கண்ணியும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அதோட பேரேடும் நிக்கும். அங்க போய்ப் பத்திரம் தேடுறது இப்ப நிலமை இருக்கிற இருப்புல நடக்கிற காரியம் இல்ல, அதுக்கு முயற்சி பண்ண வேண்டாம்னுதான் சொல்வேன். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கிற இந்தியா ஆபீஸ் ரிக்கார்டும், கோர்ட் தீர்ப்பும்தான் வழி.

சைகோன், பினாங்கு, மலாக்கான்னா இதே முறைதான், காசையும் தெருப் பேரையும் மாத்திக்கிட்டாப் போதும்.

கோர்ட்டுக்குப் போனவங்க பாக்கியசாலிங்க

அண்ணன் தம்பி சண்டை, ஏஜெண்ட் கையாடல், அடமானத் தகராறு, இப்படி ஏதாவது ஒண்ணுல நம்ம விலாசம் கோர்ட் ஏறியிருந்தா ஒரு கட்டடத்தோட முழு ஜாதகமும் தீர்ப்புலயே கிடைக்கும். ரங்கூன் ஹைகோர்ட், சிங்கப்பூர் கோர்ட், அங்க இருந்து அப்ப கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனவங்க நம்மாளுக. பிரிவி கவுன்சில் தீர்ப்புங்க இந்தியன் கானூன் தளத்துல சும்மாவே படிக்கலாம். வீட்டுல இந்த வழக்கைப் பத்திப் பேசவே மாட்டாங்க, ஆனா வரலாறு தேடுறவனுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. அங்க சொத்து வச்சிருந்தவர் இங்க காலமாயிருந்தா அங்க கோர்ட்ல ப்ரொபேட் (உயிலை கோர்ட் ஏத்துக்கிற உத்தரவு) மாதிரி ஒரு உத்தரவு வாங்கியிருக்கணும், அந்த ஃபைல்ல சொத்து லிஸ்ட் இருக்கும்.

நம்ம சார்பதிவாளர் ஆபீஸையும் மறந்துடாதீங்க. ஏஜெண்ட் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி முதலாளி பவர் எழுதிக் கொடுப்பார், அதைப் பதிவும் பண்ணியிருப்பாங்க. சாதாரணமா நாம வில்லங்கம் போடுறது 1-ம் புத்தகத்துல, அது இங்க உள்ள அசையாச் சொத்துக்கு. பவர் பத்திரம் 4-ம் புத்தகத்துல இருக்கும். 4-ம் புத்தகத்தை யாரு வேணும்னாலும் பார்க்க முடியாது, எழுதிக் கொடுத்தவங்க, அவங்க வாரிசுன்னு காட்டணும், அதனால வாரிசுச் சான்றோட போங்க. குமாஸ்தா "இதெல்லாம் எங்க சார் கிடைக்கப் போகுது"ன்னுதான் ஆரம்பிப்பார், விலாசமும் வருஷமும் சொன்னீங்கன்னா இறங்கி வருவார். பவர் கிடைக்கலைன்னா ஏஜெண்ட் குடும்பத்துல சம்பளச்சீட்டு இருக்கான்னு கேளுங்க, எந்த ஊரு, எத்தனை வருஷத் தவணை, என்ன சம்பளம்னு அதுல இருக்கும். முதலாளி வீட்டுப் பெட்டி காலியானாலும் மேலாள் வீட்டுல பத்திரமா வச்சிருப்பாங்க.

கட்டடம் நின்னுச்சுன்னா

நேர்ல போறவங்க முகப்பை மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க, முகப்பு எத்தனையோ தரம் மாத்துனதா இருக்கும். உத்தரத்தைப் பாருங்க. இரும்பு உத்தரமா இருந்தா பக்கவாட்டுல கம்பெனிப் பேரு புடைச்சுக்கிட்டு இருக்கும், டார்மன் லாங்னு இருந்தா அந்தக் கம்பெனியே 1875-ல ஆரம்பிச்சது, அதனால அந்த உத்தரம் அதுக்கு அப்புறம் போட்டது. இதே பேரை நம்ம ஊர் வளவு உத்தரத்துலயும் பார்த்திருப்பீங்க. வார்ப்பிரும்புத் தூண் அடியில, ஓட்டோட உள்பக்கம், செங்கல் குழியில, இங்கெல்லாம் முத்திரை இருக்கும். மாடி ஜன்னலுக்கு மேல கப்பி மாட்டுன கொக்கி துருப்பிடிச்சு நின்னா சரக்கு ஏத்துன குடோன், சந்தேகமே வேணாம். பின் சந்துப் பக்கமும் போங்க, அங்கதான் பூசாத செங்கல் தெரியும், எந்த மாடி பின்னால கட்டுனதுன்னு கோடு போட்ட மாதிரி இருக்கும். கடைக்காரர்கிட்ட வீட்டுப் போட்டோவைக் காட்டிக் கேட்டா மாடிக்கு விடுவாங்க, சொத்து கேட்டு வந்திருக்கோம்னு நினைச்சிட்டா வாசலோட சரி, அதனால வாயைத் திறந்ததும் சொத்து கேட்டு வரலைங்கிறதை முதல்ல சொல்லிடுங்க.

கிடைச்சதை ஒரு தாள்ல வருஷ வாரியா எழுதுங்க, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அது பேரேட்டுல பார்த்ததா, பேப்பர்ல பார்த்ததா, ஆச்சி சொன்னதான்னு குறிச்சிடுங்க. நடுவுல ஓட்டை விழும், 1942-ல இருந்து 45 வரைக்கும் பெரும்பாலும் எல்லார் கணக்குலயும் ஓட்டைதான். மத்த ஓட்டைக்குப் பங்காளி வீட்டுக்குப் போங்க. பாகம் பிரிச்சப்பவே பேரேட்டையும் ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க, பாகப்பிரிவினைப் பத்திரத்துல அந்தக் கட்டடம் யாரு பங்குக்குப் போச்சுன்னு ஒரு வரி இருக்கும், அந்த வீட்டுப் பெட்டிதான் அடுத்தது. தனியாக் கூப்பிட்டா பேச மாட்டாங்க, படைப்புக்கு (முன்னோருக்குச் செய்ற குடும்ப வழிபாடு) எல்லாரும் ஊருக்கு வருவாங்கல்ல, அப்பப் பேரேட்டுல ரெண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையோட கொண்டு போங்க, நீங்க காட்டுனாத்தான் அவங்களும் எடுத்துக் காட்டுவாங்க.